இனிக்காத டோக்காய்

"மன்னிப்புக் கேக்க ஏலாது நானா. செய்யாத வேலைக்கு நான் ஏன் கேக்க?"

ஷாமிலா படியேறி வந்ததும் முதலில் சொன்னது இதைத்தான். ஸலாம் அதற்குப் பிறகுதான் வந்தது. மார்கழி மழையில் குடை பிடித்தும் நனைந்துபோன அபாயாவை உதறிவிட்டு, சுதர்சிகா இழுத்துப் போட்ட கதிரையில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சரீப்பின் அலுவலகம். கப்பலில் வந்த சரக்கு நனைந்தால், உடைந்தால், காணாமற்போனால் காப்புறுதிக் கம்பனிகள் அவரைத்தான் கூப்பிடும். மா மூட்டை கடல் நீரில் நனைந்ததா, யாரோ வேண்டுமென்று குழாய்த் தண்ணீரில் நனைத்ததா என்று பார்த்துச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர்; ஊருக்கெல்லாம் அவர் 'நானா', அதாவது அண்ணன். சனங்கள் தங்கள் வில்லங்கங்களையும் அவரிடம் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கி நெடுங்காலமாகிவிட்டது. சுதர்சிகா அவருடைய உதவி மதிப்பீட்டாளர். வயது முப்பதைத் தாண்டியும் நிதானம் இன்னும் வந்து சேரவில்லை. நனைந்த மா மூட்டை என்றால் அவளுக்குக் கொட்டாவி. நனைந்த ஆள் ஒருவர் கோபத்தோடு படியேறி வந்தால் உயிரே வந்துவிடும்.

"இருங்க தங்கச்சி. நிண்டுகொண்டு கதைச்சா கோவம்தான் கூடும்" என்றார் சரீப்.

"கூடட்டும் நானா. இண்டைக்கு அது எனக்குத் தேவை."

ஆனாலும் உட்கார்ந்தாள். தேநீரைத் தொடாமல் சொல்லத் தொடங்கினாள்.

துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கிற நீலத்துறை விடுதியில் அவள் சமையல். கிண்ணியாவில் பிறந்து, கொழும்பில் ஹோட்டல் படிப்புப் படித்து, டோஹாவில் பெரிய ஹோட்டல் குசினியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். இயந்திரம் பழுதாகி உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட பாய்க்கப்பல் ஒன்றின் கப்டன், ஆந்த்ராஷ் என்ற ஹங்கேரிக்காரர், தினமும் அங்கேதான் சாப்பிட வருவார். அவள் கைச்சாப்பாட்டில் மயங்கி, தன் நாட்டு வைன் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து முதலாளி கந்தப்போடியிடம் கொடுத்திருக்கிறார். டோக்காய் என்று பெயர். அந்த ஒரு வைனைச் சுற்றி ஷாமிலா ஒரு விருந்து செய்ய வேண்டும், கொழும்பிலிருந்து சுற்றுலாக்காரர்களைத் தானே கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விருந்து சரிவந்தால் சாப்பாட்டு மண்டபம் முழுவதும் ஷாமிலாவின் பொறுப்பு, வாசல் பலகையில் அவள் பெயர் என்று முதலாளி வாக்குக் கொடுத்தார்.

"நேத்து மத்தியானம் விருந்து. கப்டன், ருசி காட்ட முதலே திறந்து தக்கை செருகி வச்சிருந்த போத்தலை எடுத்து எல்லாருக்கும் ஊத்தினார். ஒரு வாய் குடிச்சார். அவ்வளவுதான், முகம் மாறிட்டுது. 'இது என்ர வைன் இல்ல, ஆரோ மாத்தியிரிக்கி' எண்டு எழும்பிட்டார். ஆக்கள் எல்லாரும் என்னைப் பாத்தாங்க."

"ஏன் உங்களை?" என்றாள் சுதர்சிகா.

"நான் குடிக்கிறல்ல. என்ர குசினிக்குள்ள குடி வரக்கூடாது எண்டு வேலைக்குச் சேர்ந்த நாளே சொல்லிட்டன். முதலாளியும் ஒத்துக்கொண்டவர். இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? ஹராம் எண்டு நான்தான் ஊத்திப்போட்டு வேற ஒண்டை நிரப்பி வச்சனாம். மண்டபத்தில, அந்தக் கொழும்பு ஆக்கள் எல்லாருக்கும் முன்னால சொன்னாங்க. பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, கப்டனிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு சத்தமில்லாமப் போ, பொலிசுக்குப் போகமாட்டம் எண்டார். கப்டன்ட கப்பல் நாளைக்கி வெளிக்கிடுது. அதுக்குள்ள உண்மை வெளிய வராட்டி இந்தப் பழி எனக்கி ஒட்டிட்டுது. எந்த ஹோட்டல் இனி என்னை எடுக்கும்?"

"போத்தல் எங்க இருந்தது?"

"பார் ஃபிரிஜ்ஜில. அதின்ர பூட்டுத் திறப்பு நடைச் சுவரில ஆணியில தொங்கும். ஆரும் எடுக்கலாம். நானும் எடுக்கலாம், பொய் சொல்லத் தேவையில்ல."

"ஆரோடயாவது சண்டை?"

ஷாமிலா உதட்டைச் சுழித்தாள். "மனேஜர் மதிசுதன்தான். விருந்துக்கு முதல் நாள் என்ர மெனுவைப் பாத்துட்டுச் சிரிச்சார். வெள்ளை வைனுக்கு மீன்தான் வைக்கோணும், நீ ஈரலும் சீஸும் வட்டலப்பமும் வைக்கிறாய், வெள்ளைக்காரன் வாய்விட்டுச் சிரிப்பான் எண்டார். குடிக்காத பொம்பிளைக்கி வைன் விருந்து எதுக்கு எண்டும் கேட்டார். என்ர வேலை எனக்குத் தெரியும், உங்கட வேலையப் பாருங்க எண்டுட்டு வந்துட்டன். அந்தாளோட நிண்டு விளங்கப்படுத்த எனக்கென்ன தலையெழுத்தா?"

சரீப் குடையை எடுத்தார். சுதர்சிகா அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

நீலத்துறை விடுதியின் வாசலில் மதிசுதன் நின்றிருந்தார். கறுப்புச் சேட்டு, கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை, செருப்பில்லாத கால். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்; மலைக்குப் போய் வரும்வரை எல்லோருக்கும் அவர் 'சாமி'. மார்கழியில் ஊரெல்லாம் இந்தக் கோலம்தானே, சுதர்சிகா இரண்டாம் முறை பார்க்கவில்லை.

"வாங்கோ சரீப் நானா. ஷாமிலா உங்களிட்ட வந்தது நல்லது. நாங்கள் என்ன அவவுக்கு எதிரியே?" என்றார். குரலில் நெய் ஒழுகியது.

"கஷ்டம்தான் சாமி" என்றார் சரீப். "போத்தல் இருக்கோ?"

இருந்தது. கப்டன் விட்டுப் போனபடியே, கால்வாசி குறைந்த நிலையில் பார் மேசையில் வைத்திருந்தார்கள். குட்டையான, கழுத்து நீண்ட வெள்ளைக் கண்ணாடிப் போத்தல். உள்ளே பழுப்புத் தங்க நிறத் திரவம். சரீப் அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தார். அடியில் தூள் மாதிரி ஏதோ சுழன்று மறுபடி படிந்தது. பிறகு ஒரு சொட்டை விரலில் விட்டு, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார். போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த சுதர்சிகா, பார் மேசையோரம் இருந்த பெரிய பூச்சாடியின் விளிம்பில் கையை ஊன்றினாள். அடுத்த கணம் "ஐயோ அம்மா!" என்று கையை உதறிக்கொண்டு குதித்தாள். நெருப்பெறும்பு. சாடியின் மண்ணிலும் விளிம்பிலும் செக்கச் செவேலென்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாத்து மேடம்" என்று ஓடி வந்தான் பரிமாறுகிற இல்ஹாம். கடைக்குட்டிப் பிள்ளையே பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வயதான மனிதன், ஆனால் நடை எப்போதும் ஓட்டம்தான். "ரெண்டு நாளாத்தான் இந்தக் கரைச்சல். முந்தி ஒரு எறும்பும் வாறதில்ல."

"முந்தி இந்தச் சாடிக்கு என்ன ஊத்துவீங்கள்?" என்றார் சரீப்.

"தண்ணிதான். சாமி கிளாஸ் கழுவேக்க மிச்சம் மீதிச் சாராயத்தையும் இதுக்குள்ளதான் ஊத்துவார். மரத்துக்கு வெறி வந்ததில்ல, எறும்பும் வந்ததில்ல." இல்ஹாம் சிரித்தான்.

மதிசுதன் சிரிக்கவில்லை. "நானா, நீங்கள் வீணா அலையத் தேவையில்லை" என்றார். "நான் ஒரு கதை சொல்லுறன், யோசிச்சுப் பாருங்கோ. குடிக்கிறவன் ஒருத்தன் இந்தப் போத்தலைத் திறந்திருந்தா ஒரு வாய் ருசி பாக்காமல் விடுவானே? பாத்திருந்தால் அதே ருசியில எதையாவது நிரப்பியிருப்பான். இதுக்குள்ள இருக்கிறது எங்கட பாரில இருக்கிற மலிஞ்ச வெள்ளை வைன், நிறத்துக்குப் பால் விடாத பிளேன்டீ கலந்திருக்கு. கப்டனே சொன்னவர். அப்ப மாத்தினது ருசி பாக்காத ஆள். இந்த விடுதியில போத்தலைத் திறந்தும் வாயில வைக்காத ஆள் ஆர்?"

சுதர்சிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லில் ஓட்டை இல்லை. இப்படி நேர்த்தியாக ஒருவர் பழி போடுவதை அவள் நீதிமன்றத்தில்கூடக் கேட்டதில்லை.

"நல்லாச் சொன்னீங்கள்" என்றார் சரீப். "அந்த வாதத்தை அப்பிடியே வச்சுக்கொள்ளுங்கோ. பின்னேரம் தேவைப்படும்."

குசினி பளிச்சென்றிருந்தது. கதவில் ஷாமிலா தன் கையால் எழுதி ஒட்டிய அறிவித்தல்: மதுபானம் உள்ளே வரக்கூடாது. சீனி, சர்க்கரை, கித்துள் பாணி எல்லாம் ஒரு தனி அலுமாரியில். அந்த அலுமாரியின் நாலு காலும் தண்ணீர் நிரம்பிய பேணிகளில் நின்றன.

"எறும்புக்கு" என்றாள் ஷாமிலா, சரீப் அதைக் கவனிப்பதைப் பார்த்து. "இனிப்பு ஒரு சொட்டு சிந்தினாலும் நான் தண்ணி போட்டுத் துடைக்காம விடமாட்டன். இல்ஹாமிட்டக் கேளுங்க, ஏச்சு வாங்காத நாளில்ல."

"ஓம்" என்றான் இல்ஹாம் வாசலிலிருந்து, உள்ளம் நொந்தவனாக.

"குடிக்காமல் எப்பிடித் தங்கச்சி அந்த வைனுக்குச் சாப்பாடு யோசிச்சீங்க?" என்று கேட்டார் சரீப்.

அவள் முகத்தில் முதன்முதலாகக் கோபம் விலகி வேறொன்று வந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு வருகிற அந்தச் செருக்கு. ஃபிரிஜ்ஜைத் திறந்து மூடி போட்ட கண்ணாடிச் சாடி ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே தங்க நிறமாக ஒரு பானம்.

"இதுக்குப் பேர் சாயல். நானே வச்ச பேர். அந்த வைன் எப்பிடி இரிக்கும் எண்டு கப்டனிட்டக் கேட்டன். முந்திரிகைப் பழத்தைக் கொடியிலயே விட்டு, பூஞ்சணம் பிடிச்சு வத்தலாச் சுருங்கின பிறகு ஒவ்வொண்டா ஆய்ஞ்சு செய்யிறதாம். தேன் மாதிரி இனிக்கும், ஆனாத் தேசிக்காய் மாதிரிப் புளிப்பும் இரிக்கும், தோடம்பழத் தோல் வாசம் வரும் எண்டார். நான் தேன், தேசிக்காய், தோடம்பழத் தோல், ஊறவச்ச காஞ்ச அப்ரிகொட் எல்லாம் போட்டுக் கலந்தன். கப்டன் வெளி வாசலில இருந்து ஒரு வாய் தன்ர வைனைக் குடிப்பார், ஒரு வாய் என்ர சாயலைக் குடிப்பார். இன்னும் புளிப்பு, இன்னும் இனிப்பு எண்டு சொல்லுவார். கடைசியா ஒரு நாள் கையைத் தட்டி, வெறி மட்டும்தான் இல்ல, மத்ததெல்லாம் இதுதான் எண்டார். அதுக்குப் பிறகு நான் சாயலை வச்சுத்தான் ஒவ்வொரு தட்டையும் சமைச்சுப் பாத்தன்."

"என்ன என்ன?" சுதர்சிகாவுக்கு வாய் ஊறத் தொடங்கியிருந்தது.

"இனிப்புக் குடிக்கு முன்னால கொழுப்பும் உப்பும் நிக்கும். அதனால நெய்யில வதக்கின கோழி ஈரல், மிளகு தூவி. நீல நரம்போடின சீஸ், வறுத்த கஜுவோட. காரமும் நிக்கும், இனிப்பு அதை அணைச்சுப்போடும். அதனால செத்தல் மிளகாய் போட்ட நண்டு. கடைசியா வட்டலப்பம். ஆனாச் சர்க்கரையைக் குறைச்சு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டன். தட்டில இரிக்கிறது குடியை விட இனிச்சா குடி செத்துப்போகும். கப்டன் சொல்லித்தந்தது பாதி, என்ர நாக்குச் சொன்னது பாதி."

"சாயலை வேற ஆர் குடிச்சது?"

"இல்ஹாம். மிச்சம் வைக்க விடமாட்டார். முதலாளி கப்டன்ட கையால வைனையே ஒரு வாய் குடிச்சுட்டு, அண்டு முழுக்கத் தேன் தேன் எண்டு பாடிக்கொண்டு திரிஞ்சார்."

"மதிசுதன்?"

"அவர் அண்டைக்கு இல்ல. மாலை போடக் கோயிலுக்குப் போனவர். வந்த பிறகும் குசினிப் பக்கம் வாறல்ல, இறைச்சி வாசம் படக்கூடாதாம்."

வெளியே வந்ததும் சுதர்சிகா அடக்கி வைத்ததைக் கொட்டினாள். "நானா, எனக்குத் தெரியும்! இல்ஹாம்தான். சாயலை மிச்சம் வைக்காத ஆள் வைனை மிச்சம் வைப்பாரே? குடிச்சு முடிச்சிட்டு நிரப்பியிருக்கிறார்."

"குடிச்சு முடிச்சவர் இனிப்பெண்டு தெரிஞ்ச ஆள். அப்ப ஏன் புளிச்சதை நிரப்பினார்? ஒரு கரண்டி தேனாவது போட்டிருக்கமாட்டாரே?"

"சரி, முதலாளி?"

"தேன் தேன் எண்டு பாடினவர்."

சுதர்சிகாவுக்கு எறும்பு கடித்த விரல் இன்னும் சுணைத்தது. அதைப் பார்த்தபடியே, "அப்ப ஷாமிலா..." என்று இழுத்தாள்.

"பின்னேரம் எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கோ பிள்ளை. கப்டனையும் அந்தக் கொழும்பு ஆக்களையும். குசினியில ரெண்டு சோசர் வாங்குங்கோ."

"சோசரோ? எதுக்கு?"

"ருசி பாக்க ஆள் வேணும். நானும் குடிக்கிறதில்லை, ஷாமிலாவும் குடிக்கிறதில்லை."

மழை விட்டு வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். கந்தப்போடி முதலாளி சங்கடத்தோடு நெளிந்துகொண்டிருந்தார். கப்டன் ஆந்த்ராஷ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கொழும்பிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் நாலு பேரும் நேற்று உட்கார்ந்த அதே மேசையில். மதிசுதன் பார் ஓரமாக. இல்ஹாம் தூணருகில். ஷாமிலா மட்டும் நடுவில், கைகளை முன்னே கோத்து, யாரையும் கெஞ்சாத முகத்தோடு நின்றாள்.

சரீப் மேசையிலிருந்து இரண்டு சோசர்களை எடுத்தார். ஒன்றில் டோக்காய் போத்தலில் இருந்ததை ஊற்றினார். மற்றதில் ஷாமிலாவின் சாயலை. இரண்டையும் கொண்டுபோய், நெருப்பெறும்பு ஊர்ந்த பூச்சாடியின் அடியில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் எல்லோரையும் பார்த்து. "இந்த ஆக்கள் பொய் சொல்லமாட்டினம்."

தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்த சுதர்சிகாதான் முதலில் கத்தினாள். "நானா! பாருங்கோ!" சாயல் இருந்த சோசரின் விளிம்பில் எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. போத்தலில் இருந்ததை ஊற்றிய சோசரை அவை சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட நிற்கவில்லை.

"போத்தலில இருக்கிறது இனிக்காது. விரலில தேய்ச்சபோதே தெரிஞ்சது, ஒட்டவே இல்லை. அப்ப கேள்வி என்னெண்டா, இதை நிரப்பின ஆளுக்கு டோக்காய் இனிக்கும் எண்டு தெரியுமோ தெரியாதோ? தெரிஞ்ச ஒருத்தர் புளிச்ச வைனை நிரப்பமாட்டார். ஷாமிலாவுக்கு அது தெரியும். தெரிஞ்சது மட்டும் இல்லை, கப்டனே வித்தியாசம் காணாத சாயல் ஒண்டு அவட கைவசம் இருந்தது. போத்தலை மாத்த நினைச்சிருந்தால் அவ ஏன் பிளேன்டீயைத் தேடிப் போகோணும்? ஃபிரிஜ்ஜைத் திறந்தால் போதும்."

ஆந்த்ராஷ் சுதர்சிகாவின் ஆங்கிலத்தில் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். உண்மைதான், உண்மைதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

"அவ மார்க்கத்துக்காக ஊத்தியிருக்கலாமே? நிரப்பினது கண்துடைப்புக்கு" என்றார் மதிசுதன்.

"மார்க்கத்துக்காக ஊத்தினவ, வைனை ஊத்திப்போட்டு வைனையே நிரப்புவாவோ சாமி? வேற விசயமும் இருக்கு. ஊத்தினது எங்க? இந்தச் சாடிக்குள்ள. ரெண்டு நாளைக்கு முந்தி இதில எறும்பு இல்லை. எத்தனையோ வருசமாச் சாராய மிச்சம் இதுக்குள்ள ஊத்தியும் எறும்பு வரேல்லை. சாராயம் காய்ஞ்சு போகும், இனிப்பு இல்லை. டோக்காயில தேன் மாதிரி இனிப்பு. இதை ஊத்தின ஆள், எந்தக் குடியும் சாராயம் மாதிரித்தான், ஊத்தினாச் சுவடில்லாமல் போயிடும் எண்டு நம்பின ஆள். அலுமாரிக் காலுக்கெல்லாம் தண்ணி வச்சு எறும்பைக் கட்டுற ஷாமிலா, இனிப்புக் குடியை மண்டபத்துக்குள்ள இருக்கிற சாடியில ஊத்துவாவோ?"

ஷாமிலாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. நேற்றிலிருந்து அவள் தூக்கி வைத்திருந்த தோள்கள் அவை.

"இப்ப சாமியின்ர வாதத்துக்கு வாறன்" என்றார் சரீப். "மிகச் சரியான வாதம். மாத்தின ஆள் ருசி பாக்காத ஆள். முதலாளி ருசி பாத்தவர். இல்ஹாம் வைனைத் தொடேல்லை, ஆனால் சாயலைக் குடிச்சு இனிப்பை அறிஞ்சவர். ஷாமிலாவும் அப்பிடித்தான். இந்த விடுதியில வழமையா நல்லாக் குடிக்கிற, ஆனால் இந்த மார்கழியில ஒரு சொட்டும் நாக்கில வைக்காத ஆள் ஒருத்தர் இருக்கிறார். கப்டன் ருசி காட்டின நாளில அவர் கோயிலில. இனிப்பெண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. விருந்துக்கு முதல் நாளும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால், ஈரலும் சீஸும் பிழை, வெள்ளை வைனுக்கு மீன்தான் எண்டு ஷாமிலாவோட சண்டை பிடிச்சிருக்கமாட்டார். அது புளிப்பு வைனுக்கு வைக்கிற சாப்பாடு."

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கறுப்பு வேட்டிப் பக்கம் திரும்பியது.

"ஊகம்! எல்லாம் ஊகம்!" மதிசுதனின் குரல் உடைந்தது. "எறும்பைச் சாட்சிக்கு வச்சு ஒரு மனிசனைக் கள்ளனாக்கிறதோ?"

சுதர்சிகாவுக்கு இரத்தம் கொதித்தது. இவ்வளவு நேரமும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு இப்போது இவருக்கு நீதி வேண்டுமாம். அவள் முன்னால் பாய்ந்தாள். "அப்ப மாலையைத் தொட்டுச் சொல்லுங்கோ சாமி! ஐயப்பன் அறிய நான் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ, நாங்கள் எழும்பிப் போறம்!"

மதிசுதனின் கை மாலைக்குப் போகாமல் பாதியில் நின்றது. முகம் சாம்பலாகிவிட்டது. சுதர்சிகா வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

"வேணாம்."

சொன்னது ஷாமிலா.

"மாலையைத் தொடச் சொல்லாதீங்க. என்ர மார்க்கத்த வச்சு எனக்குப் பழி போட்டாங்க. அவர்ட மாலைய வச்சு நான் அவருக்குப் பழி போடமாட்டன். நானா சொன்னது போதும். எறும்பு சொன்னது போதும்."

சுதர்சிகாவுக்கு முகம் சுட்டது. அவள் பின்னால் நகர்ந்து, இல்ஹாம் நின்ற தூணோடு ஒட்டிக்கொண்டாள். வெட்கம் என்றால் இதுதான் என்று அன்று விளங்கியது.

மதிசுதன் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். "நான்தான். இந்த மண்டபத்தை இத்தனை வருசமா நான் பாத்தனான். நேற்று வந்தவவின்ர பேரைப் பலகையில போடப்போகினமாம். விருந்து குழம்பினால் அவ போயிடுவா எண்டு நினைச்சனான். ஒரு சொட்டும் வாயில படாமல்தான் ஊத்தினனான். விரதம் முறியக்கூடாதெண்டு கையைக்கூடக் கழுவினனான்." சொல்லும்போதே தன் சொல்லின் கோணல் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

கந்தப்போடி முதலாளி எழுந்து தொண்டையைக் கனைத்தார். "சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. ஷாமிலா, நீ உள்ள போய் வேலையப் பார் புள்ள. மதிசுதன் இண்டையோட வெளிய. இந்தக் கதைய இதோட விட்டிருவம்."

"விட ஏலாது முதலாளி."

"என்ன?"

"நேத்து என்னைக் கள்ளி எண்டது இந்த மண்டபத்தில, இந்த ஆக்களுக்கு முன்னால. சத்தமாச் சொன்னீங்க. இண்டைக்கு ஏன் மெதுவா? நேத்து மாதிரியே சத்தமாச் சொல்லுங்க, ஷாமிலா செய்யல்ல எண்டு. இல்லாட்டி நான் குசினிக்குள்ளயும் போகமாட்டன், வாசலாலயும் போகமாட்டன். இங்கயே நிப்பன்."

முதலாளி சரீப்பைப் பார்த்தார். சரீப் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கந்தப்போடி கொழும்பு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, தமிழிலும் பிறகு உடைந்த ஆங்கிலத்திலும் சொன்னார். தன் சமையல்காரி செய்யவில்லை, தான் பிழையாகப் பழி போட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அவளைப் பார்த்தும் சொன்னார். சத்தமாகவே சொன்னார். கீழே படகுத்துறையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னொண்டும் இரிக்கி" என்றாள் ஷாமிலா. "கப்டனிட்ட இன்னொரு போத்தல் இரிக்கி எண்டு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா திறக்கிறதுக்கு வச்சிருக்கிறார். அதை அவர் தர விரும்பினா விருந்து இண்டைக்கே நடக்கும். மதிசுதன் வெளிய போகத் தேவையில்ல. அவர் பரிமாறட்டும். ஒவ்வொரு தட்டையும் மேசையில வைக்கேக்க ஆர் சமைச்சது எண்டு சொல்லோணும். அவ்வளவுதான் நான் கேக்கிற தண்டனை."

"இறைச்சித் தட்டு. விரதக்காரர் தொடுவாரோ?" என்றார் முதலாளி.

"ஈரலையும் நண்டையும், முட்டை போட்ட வட்டலப்பத்தையும் இல்ஹாம் தூக்கட்டும். சீஸ் தட்டை அவர் தூக்கலாம். வாயால சொல்றது நாலுக்கும் அவர்தான்."

ஆந்த்ராஷ், மொழிபெயர்ப்பு முடியுமுன்னரே வாசலைத் தாண்டிப் படகுத்துறைக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

விருந்து நடந்தது. மதிசுதன் ஈரல் தட்டின்போது தலை குனிந்து முணுமுணுத்தார். ஒரு கொழும்பு விருந்தாளி கேட்கவில்லை என்றார். இரண்டாம் முறை தெளிவாகச் சொன்னார், "இது ஷாமிலா சமைச்சது." நண்டு வரும்போது குரல் பழகிவிட்டிருந்தது. சுதர்சிகாவுக்கும் சரீப்புக்கும் ஒரு மூலையில் தனி மேசை. சரீப்புக்குச் சாயல் ஒரு கிளாஸ். சுதர்சிகா டோக்காயில் ஒரு வாயும் சாயலில் ஒரு வாயும் குடித்துப் பார்த்து, வட்டலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டு, "நானா, இதில எது எதெண்டு எறும்புக்குத்தான் தெரியும்" என்றாள்.

"எறும்புக்கும் தெரியாது" என்றார் சரீப்.

கடைசித் தட்டு முடிந்ததும் ஆந்த்ராஷ் எழுந்தார். ஒரு கையில் மிச்ச டோக்காய்ப் போத்தல், மறு கையில் வெறுங்கிளாஸ். முகம் முழுக்கச் சிரிப்பு. சமைத்தவளுக்கு வாழ்த்துச் சொல்லாமல் தன் நாட்டில் யாரும் மேசையை விட்டு எழும்பமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே நேராகக் குசினிக்கு நடந்தார். மண்டபமே அவர் பின்னால் போயிற்று. முதலாளி வேகமாக முன்னால் ஓடி, கதவில் இருந்த அறிவித்தலைக் கையால் மறைத்துக்கொண்டு, "இண்டைக்கு ஒரு நாள்தானே ஷாமிலா, அவர் சந்தோசத்தில வாறார்" என்றார்.

ஷாமிலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முதலாளியின் கையை அறிவித்தலிலிருந்து மெல்ல விலக்கினாள். கப்டனைப் பார்த்துச் சிரித்தாள். அன்று முழுவதிலும் அவள் சிரித்ததை சுதர்சிகா அப்போதுதான் கண்டாள்.

"போத்தல் வெளியில இரிக்கட்டும் கப்டன்" என்றாள். "நீங்க உள்ள வாங்க."

ஆந்த்ராஷ் போத்தலை வாசற்படியில் வைத்துவிட்டு, வெறுங்கிளாஸோடு உள்ளே போனார். ஷாமிலா அதில் சாயலை ஊற்றினாள்.